மூன்றெழுத்தை ஐந்தென்று எண்ணிய கணினி

மாணவர்களே, உங்கள் மடிக்கணினியில் பைத்தான் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, இதன் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். நீளத்தை அளக்க 'லென்' என்ற கட்டளை அதில் உண்டு. முதலாம் ஆண்டு படிக்கும் தம்பியைக் கேட்டால்கூட த, மி, ழ் என்று விரல்விட்டு எண்ணி மூன்று என்பான். பைத்தான் 5 என்கிறது.

இது பைத்தானின் கோளாறு அன்று. ஏன் என்று தெரிந்துகொண்டால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். நான் இதை இரண்டு முறை சரிசெய்திருக்கிறேன். இரண்டாவது முறை செய்ய வேண்டிய அவசியமே வந்திருக்கக்கூடாது. அந்தக் கதையைச் சொன்னால்தான் இன்றைய பாடம் விளங்கும்.

நிரல் எழுதுவோர் எல்லாரிடமும் பெரிய மென்பொருள்களைத் தவிர, சின்னச் சின்ன நிரல்கள் கொஞ்சம் சேர்ந்திருக்கும். பத்து வரி, இருபது வரி. முந்நூறு படங்களின் பெயரை ஒரே தட்டில் மாற்றுவது, மதிப்பெண் பட்டியலில் விடுபட்டவர்களைக் கண்டுபிடிப்பது, கோப்புகளை நகலெடுத்து வைப்பது போன்ற வேலைகளுக்கானவை. இவற்றைக் குறுநிரல்கள் என்போம். கடையில் விற்க முடியாது, போட்டியில் பரிசும் கிடைக்காது. ஆனால் வீட்டில் திருப்புளி இருக்கும் இடம் தெரியாவிட்டால் எப்படித் தவிப்போமோ, அப்படித்தான் இவை கைக்குக் கிடைக்காதபோது தவிப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் முகாமுக்குப் பெயர் அட்டை அச்சிடும் பொறுப்பு எனக்கு வந்தது. பெயர்ப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயரையும் அட்டையின் கட்டத்துக்குள் பொருத்தும் குறுநிரல் ஒன்றை இரவோடு இரவாக எழுதினேன். கட்டத்தில் 10 எழுத்துக்குத்தான் இடம். ஆகவே 10-ஐத் தாண்டும் பெயரை அங்கேயே வெட்டிவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். பட்டியலில் எந்தப் பெயரும் 10 எழுத்தைத் தாண்டவில்லை. அந்த வரிக்கு வேலையே இருக்காது என்று நினைத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு மாணவி அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "சார், இது என் பேரு இல்ல." கிருஷ்ணவேணி என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கிருஷ்ணவேண' என்று இருந்தது. அடுத்து ஒரு 'புவனேஸ்வரன' வந்தான். திரிபுரசுந்தரி என்ற பெயர் 'திரிபுரசுந' என்று நடுவழியில் நின்றுபோயிருந்தது. முதலில் வந்த மாணவி என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, விடுபட்ட சுழியைத் தானே போட்டுக்கொண்டு போனாள். புள்ளியையும் சுழியையும் பேனாவால் போட்டுக்கொள்ளலாம். 'திரிபுரசுந' என்பதற்கு மட்டும் புது அட்டைதான் வேண்டியிருந்தது.

கிருஷ்ணவேணியில் எத்தனை எழுத்து? கி, ரு, ஷ், ண, வே, ணி. ஆறுதான். பத்துக்குள் வசதியாக அடங்க வேண்டிய பெயர். கணினி அதை வேறு விதமாக எண்ணியிருக்கிறது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது ஏற்பாடுதான் யூனிகோட். அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். 128 இடத்தில் 247 எப்படி அடங்கும்? எல்லா எழுத்துக்கும் தனி எண் இல்லை என்பதே விடை. 'க' போன்ற அகரமேறிய எழுத்துக்கு ஓர் எண். கால், கொம்பு, சுழி ஆகியவற்றுக்குத் தனி எண்கள். புள்ளிக்கும் ஓர் எண். இவற்றைச் சேர்த்துச் சேர்த்து மற்ற எழுத்துகளைக் கணினி உருவாக்கிக்கொள்கிறது.

ஆகவே 'தமிழ்' என்ற சொல் கணினியின் உள்ளே இப்படி இருக்கிறது: 2980, 2990, 3007, 2996, 3021. அதாவது த, ம, இகரச் சுழி, ழ, புள்ளி. பைத்தான் சொன்ன 5 இதுதான். கிருஷ்ணவேணிக்கு இப்படி 11 எண்கள் வருகின்றன. என் குறுநிரல் பத்தோடு நிறுத்தியபோது பதினோராவதாக இருந்த சுழி போய்விட்டது. புவனேஸ்வரனுக்கும் 11, அங்கே போனது கடைசிப் புள்ளி. திரிபுரசுந்தரிக்கு 14.

தீர்வு எளிது. துணைக்குறிகளும் புள்ளியும் 3006-க்கும் 3021-க்கும் இடையில்தான் இருக்கின்றன. அந்த எண்களை மட்டும் எண்ணாமல் விட்டுவிட வேண்டும். எந்த நிரல்மொழியிலும் எழுதிக்கொள்ளும்படி படிமுறையைத் தமிழிலேயே தருகிறேன்:

எண்ணிக்கை = 0
சொல்லில் உள்ள ஒவ்வொரு குறியீட்டுக்கும்:
    அதன் எண் 3006 முதல் 3021 வரை இல்லையென்றால்:
        எண்ணிக்கையில் 1 கூட்டு
எண்ணிக்கையைக் காட்டு

தமிழ் என்று கொடுத்தால் 3 வரும். கிருஷ்ணவேணிக்கு 6 வரும். இதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து என் பழைய கோப்புகளைத் துழாவியபோது 'எண்ணு2' என்ற கோப்பு கண்ணில் பட்டது. திறந்தேன். ஐந்தே வரி. நடுவில் 3006, 3021 என்ற இரண்டு எண்கள். இரண்டாண்டுகளுக்கு முன், ஓர் இதழுக்குக் குறுக்கெழுத்துப் போட்டிக் கட்டங்களை அமைத்துக் கொடுத்தபோது இதே சிக்கலைச் சந்தித்து, இதே தீர்வைக் கண்டு, நானே எழுதி வைத்தது! மறந்தே போயிருந்தேன். அதன் பக்கத்தில் 'எண்ணு', 'எண்ணு3', 'சோதனை', 'சோதனை_புதியது' என்று இன்னும் நான்கு கோப்புகள். எது சரியானது, எது பாதியில் விட்டது என்று எதிலும் ஒரு வரி இல்லை. முகாமுக்கு முதல் நாள் இரவு அந்தக் கோப்புறையைத் திறந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

நிரல் இருந்தது, ஆனால் அது ஏன் எழுதப்பட்டது என்பது இல்லை. அதனால் அது தொலைந்துபோனதற்குச் சமமாகிவிட்டது.

இந்தச் சிக்கல் கணினி பிறந்த காலத்திலேயே இருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் என்ற கணினி 1949 மே 6ஆம் நாள் முதன்முதலாக நிரல் ஒன்றை ஓட்டி, வர்க்க எண்களின் பட்டியலை அச்சிட்டது. இன்றுள்ளது போல் திரையில் பார்த்துத் தட்டும் வசதியெல்லாம் அப்போது இல்லை. காகித நாடாவில் துளையிட்டு நிரலைக் கொடுக்க வேண்டும். ஒரு துளை தவறினாலும் விடை தவறும். தம் வாழ்நாளின் மிச்சத்தில் பெரும்பகுதி தம் சொந்தப் பிழைகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்பது அந்த ஆண்டு ஒருநாள் உறைத்ததாக வில்க்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதற்கு அவர்கள் கண்ட வழி ஒரு நூலகம். வர்க்கமூலம் காண ஒரு நாடா, சைன் மதிப்புக் காண ஒரு நாடா, எண்களை அச்சிட ஒரு நாடா என்று, அடிக்கடி தேவைப்படும் சிறு பகுதிகளைத் தனித்தனி நாடாக்களில் துளையிட்டு, சோதித்து, அலமாரியில் அடுக்கினார்கள். தேவைப்படுபவர் அலமாரியிலிருந்து நாடாவை எடுத்து, இயந்திரத்தின் உதவியால் தம் நாடாவில் நகலெடுத்துக்கொண்டு, திரும்ப வைத்துவிட வேண்டும். சில ஆண்டுகளிலேயே இப்படி 80-க்கும் மேற்பட்ட துணைநிரல்கள் சேர்ந்துவிட்டன. 1951இல் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்கள். அதில் துணைநிரல்கள் மட்டுமன்றி, ஒவ்வொன்றும் என்ன செய்யும், எதைக் கொடுத்தால் எது கிடைக்கும் என்ற விளக்கமும் இருந்தது.

அந்தத் துணைநிரல் முறையை வகுத்ததில் பெரும் பங்கு வீலருடையது. அப்போது அவர் ஆய்வு மாணவர். 1952இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்து வருகிறது. துணைநிரலை எழுதிச் சோதித்து முடித்த பிறகும் ஒரு பெரிய வேலை பாக்கி இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவரும் பயன்படுத்தும்படி விளக்கம் எழுதுவதுதான் அது. எல்லாவற்றிலும் கடினமானது அதுவாகவே இருக்கக்கூடும் என்கிறார். துணைநிரலைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரே இப்படிச் சொல்வதைப் படித்தபோது எனக்கு என் 'எண்ணு2' நினைவுக்கு வந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் நன்றாக ஓடிய நிரல் பகுதிகளைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்து, ஒருவர் ஏட்டைப் பார்த்து மற்றவர் நகலெடுத்துக்கொண்டார்கள். கையால் நகலெடுக்கும்போது பிழை புகுந்தது. அந்த வேலையை இயந்திரத்திடமே விட்டால் என்ன என்ற எண்ணம் 1952இல் ஏ-0 என்ற அவருடைய தொகுப்பியில் போய் முடிந்தது. ஒவ்வொரு துணைநிரலுக்கும் ஓர் அழைப்பெண். எண்ணைக் கொடுத்தால் கணினி தானே நாடாவிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

சரி, குறிப்பை எங்கே எழுதுவது? தனியாக ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். ஆனால் குறிப்பேடு ஓரிடம், நிரல் ஓரிடம் என்று பிரிந்துவிடும். நிரலின் தலையிலேயே எழுதுவது நல்லது. பைத்தானில் # என்ற குறிக்குப் பின்னால் எழுதுவதைக் கணினி கண்டுகொள்ளாது. அது மனிதர்களுக்கான இடம். இப்போது என் எழுத்தெண்ணும் நிரலின் தலைப்பகுதி இப்படி இருக்கிறது:

# ஒரு சொல்லில் எத்தனை தமிழ் எழுத்து என்று எண்ணும்.
# ஏன்: லென் கட்டளை துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. முகாம் அட்டையில் பெயர்கள் வெட்டுப்பட்டன.
# சோதித்தவை: தமிழ் 3, கிருஷ்ணவேணி 6, கௌசல்யா 4.
# கவனம்: இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் எழுத்தாக எண்ணிவிடும். ஒற்றைச் சொல்லை மட்டும் கொடு.
# முடிவு: க்ஷ என்பதை இரண்டு எழுத்தாகக் கொள்கிறேன். ஆகவே லக்ஷ்மி 4.

கடைசி வரியைப் பாருங்கள். 'க்ஷ' ஒரே எழுத்தா, இரண்டா? கணினியின் உள்ளே அது க, புள்ளி, ஷ என்று மூன்று எண்கள். மேலே சொன்ன படிமுறை அதை இரண்டு என்று எண்ணும். ஒரே எழுத்து என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் லக்ஷ்மி மூன்றெழுத்து. இதற்குக் கணினியிடம் விடை இல்லை. நான்தான் முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவை எழுதி வைக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறு முடிவெடுத்து, இரண்டு நிரலும் இரண்டு விடை தர, எது சரி என்று குழம்பிக்கொண்டிருப்பேன். நிரலைப் படித்தால் அது என்ன செய்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். வேறு வழி இருந்தும் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை நிரலிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது.

'சோதித்தவை' என்ற வரியும் முக்கியம். நிரலில் எதையாவது மாற்றினால் அந்த மூன்று சொற்களையும் மறுபடி கொடுத்துப் பார்ப்பேன். 3, 6, 4 வரவில்லையென்றால் எதையோ கெடுத்துவிட்டேன் என்று பொருள்.

குறிப்பு எழுதத் தொடங்கிய பின் என் தொகுப்பு மெல்ல வளர்ந்தது. தமிழோடு வேலை செய்யும்போது கிடைத்த இரண்டு அனுபவங்களை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

'பொங்கல்' என்ற சொல்லை ஒரு கோப்பில் தேடினேன். கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது கணினி. 'பொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பதுதான் காரணம். ஒகரக் குறிக்கென்றே 3018 என்ற எண் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என இரண்டு எண்களைச் சேர்த்தாலும் திரையில் அதே 'பொ' தெரியும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதற்குப் பைத்தானிலேயே 'யூனிகோட்டேட்டா' என்ற தொகுதியில் வசதி இருக்கிறது, என்.எஃப்.சி. என்ற வடிவத்தைக் கேட்டால் போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. குறிப்பில் அது இரண்டு வரி.

மற்றொன்று அகரவரிசை. கணினியிடம் பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் எண் வரிசைப்படி அடுக்கும். யூனிகோடில் ன-வின் எண் 2985, ம-வின் எண் 2990. எனவே கனகா முதலிலும் கமலா பிறகும் வருவார்கள். நம் நெடுங்கணக்கில் ன கடைசி மெய். கமலாதான் முதலில் வர வேண்டும். வகுப்புப் பட்டியல் தயாரிக்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் தமிழாசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். ஒவ்வொரு மெய்க்கும் நெடுங்கணக்கின்படி நாமே ஒரு வரிசை எண் கொடுத்து, அதன்படி அடுக்கச் சொல்ல வேண்டும்.

நீங்களும் தொகுப்பு ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால் சில நடைமுறை விஷயங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். கோப்பின் பெயரே வேலையைச் சொல்லட்டும். 'எண்ணு2' வேண்டாம், 'தமிழ்_எழுத்து_எண்ணு' என்று இருக்கட்டும். கோப்புகளை அழிக்கும் அல்லது பெயர் மாற்றும் குறுநிரலாக இருந்தால், முதல் ஓட்டத்தில் எதையும் செய்யாமல் எந்தெந்தக் கோப்பை மாற்றப்போகிறது என்று பட்டியலை மட்டும் காட்டச் சொல்லுங்கள். பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகு உண்மையாக ஓட விடுங்கள். குறுநிரலால் அழிக்கப்படும் கோப்பு பெரும்பாலும் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போவதில்லை, நேரே மறைந்துவிடும். கடவுச்சொல்லை ஒருபோதும் நிரலுக்குள் எழுதாதீர்கள். நண்பனுக்குப் புலனத்தில் அந்தக் கோப்பை அனுப்பும்போது கடவுச்சொல்லும் சேர்ந்தே போய்விடும்.

சற்றுப் பழகிய பிறகு 'கிட்' என்ற மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம். லினக்ஸின் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கியது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பாதுகாத்து வைக்கும். ஒவ்வொரு முறையும் ஏன் மாற்றினாய் என்று ஒரு வரி கேட்கும். பலர் அந்த இடத்தில் 'மாற்றம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். கேள்வியையே விடையாக எழுதுவது போன்றது அது.

கண்டுபிடிக்காத பிழையையும் எழுதி வைக்கலாம், தவறில்லை. என் எழுத்தெண்ணும் நிரலின் குறிப்பில் இன்னும் தீராத ஒரு வரி இருக்கிறது. ஔவையார் என்ற பெயரில் ஔ, வை, யா, ர் என நான்கு எழுத்து. ஆனால் பலர் ஔ என்ற எழுத்தின் விசையைத் தேடாமல் ஒ, ள என்று இரண்டாகத் தட்டிவிடுகிறார்கள். திரையில் வேறுபாடு தெரிவதில்லை. என் நிரல் ஐந்து என்கிறது. என்.எஃப்.சி. வடிவமும் இதற்கு உதவாது, ஏனென்றால் இங்கே இருப்பது உண்மையான ளகரம். ஒ-வை அடுத்து ள வந்தால் ஔ என்று மாற்றிவிடலாமே என்று முயன்றேன். 'ஒளி' என்ற சொல் பாழாயிற்று.

ள-வுக்குப் பிறகு என்ன வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். ஒளி, ஒளிந்தான், ஒள்ளிய, ஔவை, ஔடதம். இந்த ஐந்து சொற்களையும் சரியாக எண்ண ஒரு விதி எழுதிப் பாருங்கள். கடைசி இரண்டையும் ஒ, ள என்று தவறாகத் தட்டியும் கொடுத்துப் பாருங்கள். விதி கிடைத்தால், நிரலின் தலையில் முதலில் எழுத வேண்டியது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.